நடு ஆள் முன்னே, அண்ணன் பின்னே

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணன் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிராம்பே அணியை வென்ற மறுநாள், கிங்ஸ் சர்க்கிள் ஸ்டுடியோவில் கோப்பையோடு எல்லோரும் நின்று எடுத்த படத்திலிருந்து வெட்டியது அது. அவர் தோளில் தெரியும் விரல்கள் என்னுடையவை. படம் கைக்கு வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். இதை எழுதும்போதும் எனக்கு நம்ப முடியவில்லை.

நாங்குநேரிப் பக்கம் பிறந்தவர் அண்ணன். அப்பா காலமானதும் தாய்மாமாவுடன் தாராவிக்கு வந்து, செம்பூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். பிறகு அம்மாவையும் என்னையும் வரவழைத்தார். பட்ட சிரமத்தைக் கேட்டால், "அத விடுல" என்பார். தமக்கென்று அவர் வைத்துக்கொண்டது வாலிபால் ஒன்றுதான்.

எங்கள் அணியில் எல்லோரும் சொந்தக்காரர்கள். மாமா, மச்சான், பங்காளி என்று ஒரு கல்யாண வீடே கோர்ட்டில் நிற்கும். அதனாலேயே தோற்றோம். பந்து இருவருக்கு நடுவே வந்தால், பெரியவர் எடுக்கட்டும் என்று சின்னவன் ஒதுங்குவான். பந்து தரையில் கிடக்கும்.

டிராம்பேக்காரர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். ஓங்கி அடிப்பதுபோல் எழும்பி, எங்கள் தடுப்புக்குப் பின்னால் மெல்லத் தட்டிவிடுவார்கள். இறுதி ஆட்டத்தில் எப்படி நிற்பது என்று பெரிய வாக்குவாதம். பின்வரிசை நடு ஆள் வலைப்பக்கம் வந்தால் தட்டிவிடும் பந்து கிடைக்கும், ஆனால் பின்பக்கம் திறந்துவிடும் என்றார் மாமா.

கேப்டனான அண்ணன், பின்வரிசை நடுவில் நிற்கும் என்னைக் காட்டி, "இவன் முன்ன வரட்டும். பின்னால வாரத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பிறகு எல்லோரிடமும், "மரியாதைய கோட்டுக்கு வெளிய வச்சிட்டு வாங்க. பந்த எடுக்கவன் 'நான்'னு கத்தணும்" என்றார்.

கடைசிப் பந்து எனக்கும் அண்ணனுக்கும் நடுவே இறங்கியது. வாழ்நாளில் முதன்முறையாக அவரை முந்திக்கொண்டு "நான்" என்று கத்தினேன். எடுத்துவைத்த காலை அண்ணன் அப்படியே நிறுத்திக்கொண்டார். நான் எடுத்துக் கொடுத்த பந்தை மச்சான் அடித்து முடித்தார்.

அந்த வாரமே, பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. காலையில் என் சட்டையைப் போட்டுக்கொண்டு போனவர். அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு வயது. எந்த நியாயத்தில் இது சேரும்?

மயானத்தில், "கொள்ளி யாருப்பா வைக்கது?" என்று கேட்டார்கள். அண்ணனுக்கு ஆண் குழந்தை இல்லை. என்னைவிட மூத்த பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நான்" என்றேன். சொல்லிவிட்டு, பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய பட்டறைத் தோழர்களுக்கும், அண்ணியையும் குழந்தையையும் விட்டு நகராமல் இருந்த பக்கத்து வீட்டாருக்கும், கோவண்டியிலிருந்து தினமும் சோறு கொண்டுவந்த அத்தைக்கும், மாலையோடு வந்து நின்ற டிராம்பே அணியினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது, அடுத்த ஆட்டத்துக்கு எப்படி நிற்பது என்று மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். அண்ணியின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"முன்ன வேற யாரையாவது போடுங்க மாமா. பின்னால நான் நிக்கேன்" என்றேன்.