தூணுக்குள் ஓடிய விமானம்

நாம் அப்போது திருத்தணியில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். நீங்கள் இரண்டு பேரும் கைப்பிள்ளைகள், உங்களுக்கு நினைவிருக்காது. கீழே வீட்டுக்காரர் குடும்பம் இருந்தது. அவர் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர். இருட்டோடு எழுந்து படியேறிப் போவார். நடுப்பகலில் இறங்கி வந்து சாப்பிட்டுப் படுப்பார். நாலு மணிக்கு எழுந்து மறுபடியும் மலைக்குக் கிளம்பிவிடுவார். அந்தப் பகல் தூக்கம்தான் அவருக்கு ராத்தூக்கம். இடுப்புயரத் தவலையில் கொதிக்கிற சோற்றின் முன்னால் தூங்கி வழிந்துகொண்டு நிற்க முடியுமா?

அந்தக் கோடை விடுமுறையில் உங்கள் அக்காவுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தேன். படிப்புக்கு ஆகும் என்றுதான் வாங்கினேன். அவள் அதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். விளையாட்டு என்று சொன்னால் கோபம் வந்துவிடும். "சிமுலேட்டர்னு சொல்லு நைனா" என்பாள். ஸ்பீக்கரை வைத்து அவள் இன்ஜினைக் கிளப்பினால் ஜன்னல் கம்பி அதிரும். மூன்றாம் நாளே கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்துவிட்டார்.

"ஏங்க, உங்க பொண்ணு ஏரோப்ளேனு எங்க வூட்டுக்காரர் மண்டை மேலயே இறங்குது. மனுசன் தூங்க வேணாமா?"

அவர் கேட்டது நியாயம். மறுநாளே அரக்கோணத்தில் கார் ரேடியோ பழுது பார்க்கும் பாயிடம் போய், காதை முழுக்க மூடுகிற ஹெட்செட் ஒன்று வாங்கி வந்தேன். சத்தம் நின்றது. கீழ்வீட்டு அம்மா அக்காவுக்குக் கைநிறைய முறுக்கு கொடுத்தார். ஆனால் அக்கா முகம் சரியில்லை.

"நல்லாத்தானே கேக்குது?"

"கேக்குது நைனா. ஆனா காதுல மட்டும்தான் கேக்குது. முன்னாடி வயித்துலயே தெரியும். சக்கரம் தரையில பட்டுச்சா இல்லியான்னே இப்ப தெரியல. இடிச்சிக்கினே இருக்கேன்."

நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். விமானத்தை வானத்தில் போகும்போது அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. வேனுக்கும் ஆட்டோவுக்கும் சீட் தைப்பது என் பிழைப்பு. வண்டி எப்படி ஓடுகிறது என்று டிரைவருக்கு முதலில் சொல்வது அவன் உட்காருகிற இடம்தான்.

பாயிடம் மறுபடியும் போய் விவரத்தைச் சொன்னேன். அவர் ஒரு பெரிய பழைய ஸ்பீக்கரை எடுத்து, அதன் காகிதக் கூம்பை அறுத்துப் போட்டார். நடுவில் இருக்கும் சுருளை மட்டும் விட்டுவைத்து, அதில் ஒரு மரக்கட்டையை ஒட்டிக் கொடுத்தார். "இதை சீட்டுப் பலகைக்கு அடியில முடுக்கு. சத்தம் வராது, உதறல் மட்டும் வரும்" என்றார்.

கடையில் கிடந்த ஒரு வேன் டிரைவர் சீட்டுக்குப் புது ரெக்சின் போட்டேன். அதன் அடிப்பலகையில் கட்டையை ஸ்க்ரூ வைத்து முடுக்கினேன். கம்ப்யூட்டரில் சத்தம் வரும் துளை ஒன்றுதான். அதில் இரண்டாகப் பிரியும் ஒயரைச் செருகி, ஒரு முனையை ஹெட்செட்டுக்கும் இன்னொரு முனையை ஆம்ப்ளிஃபயர் வழியாகச் சீட்டுக்கும் கொடுத்தேன். ஆம்ப்ளிஃபயரில் கீச்சுச் சத்தத்தை அடியோடு குறைத்து, கனத்த சத்தத்தைக் கூட்டினேன். கடைசியாக என் தொழில் புத்தி வேலை செய்தது. சீட் என்றால் ஆடக் கூடாது. இரும்புக் கால் நான்கையும் சுவரோரம் தள்ளி, ஆப்பு அடித்து அசையாமல் இறுக்கினேன்.

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆட்டோவுக்குத் தைச்சி முடிச்சாச்சி. இப்ப ஆகாசத்துக்குத் தைக்கிறாரு."

அக்கா உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினாள். பக்கத்தில் நின்ற எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவள் முகம் மட்டும் மலர்ந்தது. "நைனா, ரன்வேயில போறேன். தொடையெல்லாம் குர்ருங்குது. ஆங்... தூக்கிடுச்சி! நின்னுப்போச்சி பாரு உதறல்!" என்று கத்தினாள். சத்தமே வராத விமானம் செய்துவிட்டோம் என்று எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். கீழ்வீட்டு அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரருக்கு நரம்புத் தளர்ச்சியாம். பகலில் படுத்தால் உடம்பு அதிர்கிறதாம், தூக்கமே இல்லையாம். முந்தின நாள் மடப்பள்ளியில் நின்றபடியே கண்ணசந்துவிட்டாராம். கரண்டி கையிலிருந்து நழுவிக் கொதிக்கிற தவலைக்குள் விழ, பக்கத்தில் இருந்தவர்தான் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

"தாத்தா காலத்துலேருந்து எங்க வூட்டு ஆளுங்க செய்ற வேலைங்க. ஆடிக் கிருத்திகைக்கு முன்னாடி வுட்டுடறேன்றார். புத்தூர்லேருந்து அவரு தம்பி மவனை வரச் சொல்லியாச்சி. நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். கூடத்தில் தூணில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் மாடியைத் தாங்கும் உத்திரம் அந்த மரத்தூண் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதனடியில் பாய் விரித்து, தலையைத் தூணோடு ஒட்டி வைத்துப் படுப்பது அவர் வழக்கம். மரம் குளிர்ச்சியாக இருக்குமாம்.

"எப்படி இருக்குதுங்க சாமி?"

"இன்னாத்தச் சொல்றதுப்பா. கண்ணு சொக்குற நேரம் பாத்து வருது. பிடரியில குர்ருன்னு ஆரம்பிக்கும். ஏறிக்கினே போவும். அப்புறம் ஒண்ணும் இருக்காது, சரி போயிடுச்சின்னு நெனைப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சி தடால்னு ஒரு உதறு. அதோட அடங்கிடும்."

"ஒரே உதறுதானா?"

"சில நாளு ரெண்டு மூணு வரும். தத்தித் தத்தி."

இதை வேறு யாரோ என்னிடம் சொல்லியிருக்கிறார்களே என்று யோசித்துக்கொண்டே நானும் தூணில் முதுகைச் சாய்த்தேன். அதே நேரம் அவர் என் கையைப் பிடித்தார்.

"ஆங், வந்திச்சி பாரு. வந்திச்சிப்பா!"

எனக்கும் வந்தது. முதுகெலும்பில் குர்ரென்று ஏறியது.

"சாமி, இது உங்க நரம்பு இல்லீங்க."

"பின்ன?"

"எம்பொண்ணு கிளம்பிக்கினு இருக்கா."

"எங்க?"

"எந்த ஊருக்குன்னு தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடி, சீட்டுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினேன். கீழேயிருந்து அவர் குரல் கேட்டது. "நின்னுப்போச்சிடி! அடியே, எனக்கு ஒண்ணும் இல்லடி!"

ஆப்பு வைத்து இறுக்கிய கால்கள் உதறலை எல்லாம் மாடித் தரை வழியாக உத்திரத்துக்கும், உத்திரம் தூணுக்கும், தூண் அவர் தலைக்கும் அனுப்பியிருக்கின்றன. சத்தமே இல்லாததால் எங்கள் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எங்களுக்கே வரவில்லை.

கீழ்வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "இவருக்குச் சரியானா மொட்டை போடறேன்னு முருகனுக்கு வேண்டிக்கினேங்க. இப்ப யாருக்குப் போடறது, நீங்களே சொல்லுங்க."

நியாயப்படி அது என் தலைதான். அந்த வாரமே போட்டுக்கொண்டேன்.

அக்கா அழுதுவிட்டாள். "கழட்டிடலாம் நைனா. கீழ்வூட்டுத் தாத்தா கொதிக்கிற தவலையில வுழுந்திருந்தா?" என்றாள். நானும் கழற்றத்தான் போனேன். ஆனால் அவரே மாடிக்கு வந்து, "எங்க, அந்த வியாதியைக் காட்டு" என்று சீட்டில் உட்கார்ந்தார். அக்கா பயந்துகொண்டே ஹெட்செட்டை அவர் காதில் மாட்டி விமானத்தைக் கிளப்பினாள். சீட் உதறத் தொடங்கியதும் அவர் சிரித்தார். "இதேதான்! கீழ எனக்குச் சத்தம் இல்லாம வந்துச்சி, அதான் பயந்துட்டேன்."

ஆப்புகளை எடுத்துவிட்டேன். குண்டான் வைப்பதற்கு வைத்திருந்த வைக்கோல் பிரிமணை நாலு கொண்டுவந்து கொடுத்தார். அவற்றைச் சைக்கிள் டியூபில் சுற்றிக் கால்களுக்கு அடியில் வைத்தோம். முக்கால்வாசி அடங்கியது. மீதி இருந்ததற்கு, அவர் தூங்கும் நேரத்தில் சீட் ஒயரைச் செருகுவதில்லை என்று அக்காவே முடிவு செய்தாள். அந்த நேரத்தில் ஹெட்செட்டோடு இடித்து இடித்து இறங்கப் பழகினாள்.

புத்தூர்ப் பையன் வந்து கிருத்திகைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். மடப்பள்ளியில் பெரியப்பாவே நின்றார்.

அதன் பிறகு தினமும் நாலு மணிக்கு அவர் வாசலில் நின்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"பாப்பா, நான் மலைக்குப் போறேன். நீ ஏறிக்கோ!"

அவர் தெருமுனை திரும்புவதற்குள் உங்கள் அக்கா ஒயரைச் செருகியிருப்பாள்.