பாதியில் வெட்டுப்பட்ட புகார்

இரண்டு மாதம் முன்பு ஒரு புகார் எழுதினேன். நியாயமான புகார்தான். ஆனால் அதனால் ஒரு பெண்மணிக்கு வேலை போய்விட்டது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சர்க்கரை உண்டு. மாதம் ஒருமுறை புதுச்சேரி சாரத்தில் உள்ள ஒரு லேபுக்கு ரத்தம் கொடுக்கப் போவேன். லேபின் பெயர் வேண்டாம். அங்கே கவுன்ட்டரில் ஜெயந்தி என்று ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அரியாங்குப்பத்திலிருந்து தினமும் ஆறு மணி பஸ் பிடித்து வருவார். ஒரு பெரிய நோட்டில் பெயர், வயது, என்ன டெஸ்ட் என்று மூன்றே விஷயம் எழுதிக்கொள்வார். சீட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார். ஒரு நிமிடம். அவ்வளவுதான்.

யாருக்கு ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும், யாருக்கு இடது கையில்தான் நரம்பு கிடைக்கும் — எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இந்த வருடம் நோட்டு போய் சாஃப்ட்வேர் வந்தது.

அந்த சாஃப்ட்வேரை எழுதிய மகானுபாவர் வாழ்நாளில் ஒருமுறையாவது வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றிருப்பாரா? சந்தேகம்தான். பெயருக்கு முன்னால் பட்டம் போட வேண்டும். திரு, திருமதியில் ஆரம்பித்து கேப்டன், பேராசிரியர், மாண்புமிகு வரை ஒரு நீளப் பட்டியல். குடும்பப் பெயர் கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலைப் போட்டால், 'இரண்டு எழுத்தாவது வேண்டும்' என்று சிவப்பில் கோபித்துக்கொள்ளும். இமெயில் கட்டாயம். அடுத்து மாநிலம். அந்தப் பட்டியலில் புதுச்சேரியே இல்லை! லேப் இருப்பதே புதுச்சேரியில்... தமிழ்நாடு என்று போட்டுத்தான் மேலே போக வேண்டும். நடுநடுவே ஒரு பொம்மை எட்டிப் பார்த்து, 'இன்று தண்ணீர் குடித்தீர்களா?' என்று விசாரிக்கும். சரியாக 'சேவ்' பட்டன் மேலேயே வந்து உட்காரும்.

இத்தனையும் முடிப்பதற்குள் நேரமாகிவிட்டால், எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

அன்று எனக்கு முன்னால் குருசுக்குப்பத்திலிருந்து வந்த ஓர் அம்மா நின்றிருந்தார். மீன் விற்பவர். இமெயில் இல்லை. ஜெயந்தி என்னென்னவோ போட்டுப் பார்த்தார். எதையும் அது ஏற்கவில்லை. மூன்றாவது முறை எல்லாம் அழிந்தபோது, அந்த அம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது; சுவரைப் பிடித்துக்கொண்டார். ஜெயந்தி எழுந்துபோய் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு துண்டுத்தாளில் பெயரை எழுதி, முதலில் ரத்தம் எடுங்கள், நான் அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்கிறேன் என்று உள்ளே அனுப்பினார். அப்படிச் செய்யக் கூடாது என்று அங்கே விதி. பரவாயில்லை என்று செய்தார்.

என் முறை வர நாற்பது நிமிடம் ஆனது. ஜெயந்தி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் 'உம்' என்று சொன்னதோடு சரி. பசி.

ரத்தம் கொடுத்துவிட்டு எதிர் ஓட்டலில் இட்லிக்குச் சொல்லி உட்கார்ந்தேன். போனில் ஒரு மெசேஜ். 'எங்கள் சேவை எப்படி இருந்தது?' ஐந்து முகங்கள். சிரிக்கும் முகம் தொடங்கி அழும் முகம் வரை. அழும் முகத்தை அழுத்தினேன். கீழே ஒரு கட்டம் திறந்தது: 'உங்கள் கருத்து'.

முப்பது வருடமாகப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனிடம் காலிக் கட்டத்தைக் காட்டலாமா?

எழுதினேன். "காலையில் வெறும் வயிற்றோடு வந்தவர்களை நாற்பது நிமிடம் நிற்க வைத்தார்கள். கவுன்ட்டரில் பெயர் பதியவே இவ்வளவு நேரமா?" அதோடு நிறுத்தவில்லை. கவுன்ட்டரில் இருக்கும் பெண்மணி மீது துளியும் தப்பில்லை, அவர் தங்கமானவர், அவர் இல்லாவிட்டால் இன்று ஒருவர் மயங்கியே விழுந்திருப்பார், குற்றவாளி உங்கள் சாஃப்ட்வேர்தான் என்று இன்னும் ஐந்தாறு வரி. ரசித்து ரசித்துத்தான் எழுதினேன். அனுப்பியதும் திரை முழுக்க வண்ணக் காகிதம் பறந்தது. மிக்க நன்றியாம். இட்லியும் நன்றாக இருந்தது.

அடுத்த மாதம் போனால், கவுன்ட்டரில் வேறு ஒரு பெண். வரிசை மட்டும் அதே நீளம். ஜெயந்தி எங்கே என்றேன். வேலையை விட்டுவிட்டார் என்றாள்.

சாஃப்ட்வேரைப் பற்றி இந்தமுறை நேரிலேயே சொல்லிவிடுவது என்று மேனேஜர் அறைக்குப் போனேன். மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். பேச்சோடு பேச்சாக ஜெயந்தியைப் பற்றியும் கேட்டேன். மோசமான ரேட்டிங் மூன்று சேர்ந்தால் சிஸ்டமே சிவப்பு மார்க் போட்டுவிடும். சிவப்பு விழுந்தால் இடமாற்றம் என்பது ஹெட் ஆபீஸ் உத்தரவு என்றார். விழுப்புரம் கிளைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார். அவ்வளவு தூரம் தினமும் போய் வர முடியாது என்று ஜெயந்தி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"பாருங்க சார், கடைசியா வந்த கம்ப்ளெய்ன்ட் இதான்" என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

மேலே 'உங்களுக்குச் சேவை செய்தவர்' என்று பொடி எழுத்து. பக்கத்தில் ஜெயந்தியின் பெயர். ஓர் அழும் முகம். அதன் கீழே: 'காலையில் வெறும் வயிற்றோடு வந்தவர்களை நாற்பது நிமிடம் நிற்க வைத்தார்கள். கவுன்ட்டரில் பெயர் பதியவே இவ்வளவு நேரமா?'

அதோடு முடிந்திருந்தது.

என் வாக்கியம் எனக்குத் தெரியாதா?

மிச்சம் எங்கே என்று கேட்டேன். மேனேஜர் விளக்கினார். அந்தக் கட்டத்தில் நூற்றிருபது எழுத்துக்குத்தான் இடமாம். அதிலும் தமிழில் புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் அது தனித்தனி எழுத்தாக எண்ணுமாம். அதற்கு மேல் எழுதினால் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிடுமாம்.

எழுத விட்டுவிட்டு வெட்டுவானேன்? இடமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நல்லதை முதலில் எழுதியிருப்பேனே!

இப்போது அதைவிட வெட்கமான விஷயம். அது நான் எழுதியதுதான் என்று அன்று மேனேஜரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். நான்கு நாள், மற்ற இரண்டு ரேட்டிங் போட்டவர்கள் மீதும் சாஃப்ட்வேர் மீதும் பழியைப் போட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை. ஐந்தாம் நாள் நடந்ததை எல்லாம் இரண்டு பக்கம் கையால் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

மேனேஜர் முழுக்கப் படித்தார். வந்த ரேட்டிங்கை மாற்ற சிஸ்டத்தில் வழி இல்லை என்றார். ஜெயந்தியின் இடத்துக்கும் ஆள் வந்தாயிற்று. ஹெட் ஆபீசுக்குக் கடிதத்தை அனுப்பி வைப்பதாகச் சொன்னார். அனுப்பியிருப்பார். இதுவரை பதில் இல்லை.

ஜெயந்தி இப்போது அரியாங்குப்பத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் இருப்பதாக மேனேஜர்தான் சொன்னார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன்.

வளையல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்க சார். சுகர் கொறஞ்சுதா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சை ஆரம்பிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவர் கை வளையல்களை அடுக்கிக்கொண்டே இருந்தது.

"எதிர்லதானே சார் உக்காந்திருந்தேன்" என்றார் கடைசியில். "என்கிட்டயே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. அந்த கம்ப்யூட்டர்ல என்னென்ன தப்புன்னு பதிமூணு எழுதி வெச்சிருந்தேன். யாருமே கேக்கல. நீங்க எழுதறவரு... உங்ககிட்ட குடுத்திருப்பேன்."

மன்னித்துவிடம்மா என்றேன். அதற்கு அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்தக் கடை வீட்டுக்குப் பக்கம், மதியம் போய் மாமனாருக்குச் சாப்பாடு கொடுக்க முடிகிறது என்றார். லேப் வேலை பிடித்திருந்தது என்றார். காலையில் வருகிறவர்கள் முகமெல்லாம் ஞாபகம் வருகிறதாம். அந்த மீன்கார அம்மாவின் ரிசல்ட் என்ன ஆனதோ தெரியவில்லை என்று கவலைப்பட்டார்.

அதற்குள் ஒரு பெண் ரிப்பன் கேட்டு வந்தாள். "வரேன் சார்" என்று ஜெயந்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

மோசமான சாஃப்ட்வேரைத் திட்ட வேண்டுமா? தாராளமாகத் திட்டுங்கள். அதன் மீது உங்களைவிட அதிகக் கோபத்தில் ஒருவர் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் — முதலில் அவரிடம் பேசுங்கள்.