ஹேண்டில்பாரில் ஒரு சக்களத்தி

எங்கள் ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரில் செல்போனை மாட்டிவைக்க ஒரு கவ்வி இருக்கிறது. கறுப்பு நிறம், நண்டுக் கால் மாதிரி நாலு விரல். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பொறாமை என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பொம்பளை, போயும் போயும் மேப்பில் பேசுகிற ஒரு குரல் மேல் பொறாமைப்படுவாளா என்று என் தங்கை சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவள் வீட்டுக்காரர் கார் வைத்திருக்கிறார். ஸ்கூட்டரின் பின்சீட்டு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது.

நான் பிறந்தது ஒக்கலிபுரத்தில். இன்றைக்கும் இருப்பது அங்கேதான், ரயில் போனால் ஜன்னல் அதிரும் வீட்டில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் எங்களை நடத்தியே ஊரைச் சுற்றிக் காட்டுவார். பஸ்சுக்குக் கொடுக்கிற காசில் போண்டா தின்னலாம் என்பது அவர் கட்சி. அந்தப் போண்டாக்களின் புண்ணியத்தில் எந்தச் சந்து எந்த ரோட்டில் போய் விழும் என்பது எனக்குக் காலிலேயே பதிந்துபோயிற்று.

என் வீட்டுக்காரர் ஆரணிப் பக்கம். எங்களுக்குக் கல்யாணமான சமயத்தில்தான் இங்கே எலெக்ட்ரானிக் தராசு ரிப்பேர் பார்க்கிற ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. மளிகைக் கடை, கறிக் கடை, பழமண்டி என்று தராசு இருக்கிற இடத்துக்கெல்லாம் போக வேண்டிய வேலை. மனிதரை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் விட்டால் மெஜஸ்டிக்கையே சுற்றிக்கொண்டிருப்பார். காலையில் காபி டம்ளரோடு அடுப்பங்கரைக்கு வந்து நிற்பார். "இன்னிக்கு சிவாஜிநகர்ல ஒண்ணு, அப்புறம் மல்லேஸ்வரத்துல ஒண்ணு. எப்படிப் போவட்டும், சொல்லு" என்பார். நான் தோசையைத் திருப்பிக்கொண்டே சொல்வேன். பெரிய மந்திரிக்கு யோசனை சொல்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமையில் எந்தக் கடையிலிருந்தாவது அவசரமாகக் கூப்பிட்டால் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். "நீ வந்தாத்தான் நான் போய்ச் சேருவேன்" என்பார். அந்த ஒரு பேச்சுக்காக நான் பாதி அரைத்த மாவைக் கிரைண்டரிலேயே விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறேன்.

வண்டிச் சத்தத்தில், ஹெல்மெட்டுக்குள் இருக்கிற காதுக்கு, பின்னால் இருந்து நான் கத்துவது எட்டாது. அதனால் தானாகவே ஒரு வழக்கம் வந்தது. இடது தோளில் தட்டினால் இடது பக்கம், வலது தோளில் தட்டினால் வலது பக்கம். இரண்டு தோளையும் சேர்த்துப் பிடித்தால் நிறுத்த வேண்டும். ஒன்றும் தட்டாவிட்டால் நேரே போய்க்கொண்டே இருக்க வேண்டும். இதை நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. வருஷக்கணக்கில் அப்படியே ஓடிற்று. கடையில் எனக்கு ஒரு ஸ்டூல் போடுவார்கள், டீ வரும். அவர் தராசைப் பிரித்து மாட்டும் வரை நான் தெருவை வேடிக்கை பார்ப்பேன். திரும்பும் வழியில் எங்கேயாவது ஒரு மசாலா தோசை. எங்களுக்குச் சினிமாவும் அதுதான், ஊட்டியும் அதுதான்.

பிறகுதான் கம்பெனியில் எல்லோருக்கும் புதுப் போன் கொடுத்தார்கள். எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பது அதிலேயே வரும், அமுக்கினால் வழியும் வரும். முதல் நாள் அவர் அதைக் கூடத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தார். "முந்நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்றது ஒரு பெண் குரல். தூங்கி எழுந்து, முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்து பேசுகிற மாதிரியான குரல். "பாத்தியா, தமிழ்லயே சொல்றா" என்று அவர் சந்தோஷப்பட்டார். நான் இத்தனை வருஷமாக என்ன சீன பாஷையிலா சொல்லிக்கொண்டிருந்தேன்?

அவள் குரல் அவருக்குக் கேட்பதற்காகக் காதில் செருகுகிற பொத்தான் ஒன்றும் வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு மேலே ஹெல்மெட்டை மாட்டுவார். நான் இருபது வருஷத்துக்கு மேல் ஹெல்மெட்டுக்கு வெளியிலிருந்து கத்தியவள். வந்து ஒரு வாரம் ஆகவில்லை, அவள் உள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளிடம் இருக்கிற பொறுமை என்னிடம் கிடையாது. அவர் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் நான் வீடு போய்ச் சேரும்வரை அதையே பேசுவேன். சாப்பிடும்போது ஒரு தடவை நினைவுபடுத்துவேன். அவளோ, தவறவிட்டால் ஒரு பெருமூச்சுகூட விடாமல் வேறு வழி கண்டுபிடித்துக் கொடுக்கிறாள். "அவ திட்டமாட்டா, அதான் நிம்மதி" என்று அவர் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ரசத்தில் உப்பு கூடிப்போனது தற்செயல் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆபீசிலும் இதே கதைதான். பிரேசர் டவுனில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் நான் முன்மேசையில் உட்காருகிறவள். முன்பெல்லாம் புதிதாக வருகிறவர்கள் போன் செய்து வழி கேட்பார்கள். மசூதியைத் தாண்டி, பிரியாணிக் கடை வாசனை வருகிற இடத்தில் வலது பக்கம், வேப்பமரத்துக்கு எதிரே மாடி என்று தமிழ்க்காரருக்குத் தமிழில் சொல்வேன், கன்னடக்காரருக்கு "அல்லிந்த ரைட் தகொள்ளி" என்பேன். கண் சரியாகத் தெரியாதவர்கள்கூட அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இப்போது நான் "மசூதி" என்று ஆரம்பித்ததுமே, "மேடம், லொகேஷன் அனுப்பிடுங்க" என்று வைத்துவிடுகிறார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் முடிந்தது. அப்புறம் நான் எதற்கு அங்கே?

எனக்கும் நல்ல நாட்கள் இருந்தன. எங்கள் வீட்டுக்குச் சாமான் கொண்டுவருகிற டெலிவரிக்காரர்கள் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மேப்ல வீடு இங்கதான் காட்டுது" என்று அடம் பிடிப்பார்கள். ஒருதரம் அவரையே அவள் ஒரு சந்துக்குள் இழுத்துப் போய்ச் சாக்கடை ஓரம் நிறுத்திவிட்டாள். முன்னால் சுவர், வண்டியைத் திருப்ப இடமில்லை. நானும் பின்னால் இருந்தேன். இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன், வயிறு குளிர்ந்தது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பாவம், அவளுக்குத் தெரியல போல." பாவமாம். நான் ஒருதடவை ஒருவழிப் பாதையில் விட்டதற்கு, "இந்த ஊர்லயே பொறந்தேன்னு சொல்ற, இது தெரியாதா" என்று கேட்ட வாய் இது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் மாமியார் இல்லாத குறையை அவள் தீர்த்துவைத்தாள்.

ஓசூர் ரோட்டில் இருக்கிற அத்திபெலேயில் அவருடைய கூட்டாளி ஒருவர் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தார். அத்திபெலே என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. அங்கே என் அத்தை இருந்தாள். பள்ளிக்கூட லீவு முழுவதும் நான் போய்வந்த ரோடு அது. "இன்னிக்கு அவ வேணாம். போனைப் பாக்கெட்ல வைங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவர் பொத்தானைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, முறத்தால் புலியை விரட்டப் போகிறவள் மாதிரி நான் வண்டியில் ஏறினேன்.

கொஞ்ச தூரம் சரியாகத்தான் தட்டினேன். பிறகு ஊர் என்னை ஏமாற்ற ஆரம்பித்தது. திரும்ப வேண்டிய இடத்தில் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். அடுத்த திருப்பத்தில் ஒரு மேம்பாலம் காலை அகட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அடையாளமாயிருந்த புளியமரம் இல்லை, சினிமாக் கொட்டகை இல்லை, அது இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டிடம். ஓசூர் ரோடு என்று நினைத்துக்கொண்டு நான் திருப்பிவிட்ட ரோடு, வரிசையாக ஒரே மாதிரி இருக்கிற அடுக்குமாடி வீடுகளின் கேட்டில் போய் முடிந்தது. வாட்ச்மேன் எழுந்துவந்து எந்த பிளாக் என்று கேட்டான். என் கை அவர் தோளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. எந்தப் பக்கம் தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிறகு மெதுவாக, "போடட்டுமா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. "போடுங்க" என்றேன். அவள் ஒன்றும் நடக்காதது போல வழி சொன்னாள். போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்துவிட்டது.

அதன் பிறகு நான் தட்டுவதை விட்டேன். வண்டியில் ஏறினால் கையை மடியில் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொள்வேன். அவரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தால், "வெயிலா இருக்கு, நீ எதுக்கு, நான் போய்ட்டு வந்துடுறேன்" என்று கிளம்ப ஆரம்பித்தார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் அவர் வண்டி தெருமுனை தாண்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்கும்போது எனக்கு உண்மை புரிந்தது. வழி தெரியாத காலத்தில் அவருக்கு நான் வேண்டியிருந்தது. வழி தெரிந்துவிட்டது, இனி எதற்கு? அவள் என் வழியைப் பிடுங்கியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் பின்சீட்டை அல்லவா பிடுங்கிக்கொண்டாள். காலைக் காபியைக்கூட அவர் இப்போது கூடத்திலேயே, போனைப் பார்த்துக்கொண்டே குடித்துவிடுகிறார்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரேசர் டவுனில் ஒரு பேக்கரியிலிருந்து போன் வந்தது. கிறிஸ்துமஸ் கேக் விற்பனை சூடாக நடக்கிற சமயத்தில் தராசு படுத்துவிட்டதாம். அவர் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "வெயில் இல்ல இன்னிக்கு. வரியா? கேக் குடுப்பாங்க" என்றார். கேக்குக்காக வருகிறவளா நான் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தால், கவ்வியில் போன். பிரேசர் டவுனுக்கு! நான் தினமும் பஸ் பிடித்துப் போய், டீ வாங்கப் போய், மதியம் மருந்துக் கடைக்குப் போய் நடந்து தேய்த்த தெருக்களுக்கு அவளிடம் வழி கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் திரும்ப உள்ளே போயிருப்பேன், ஹெல்மெட்டை மாட்டியாகிவிட்டது. ஏறி உட்கார்ந்து, கைப்பையை இரண்டு கையாலும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளே கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.

அவள் குரல் எனக்குக் கேட்காது. ஆனால் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் போனில் அந்த நீலக் கோடு தெரியும். பிரேசர் டவுனுக்குள் நுழைந்ததும் கோடு இடது பக்கம் வளைந்தது. அவர் நேரே போனார். சரி, கவனிக்கவில்லை என்று நினைத்தேன். கோடு நெளிந்து வேறு வழி காட்டியது. அடுத்த தெருவில் மறுபடி இடது பக்கம் அம்பு. அதையும் தாண்டி நேரே போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி, அவள் அவதிப்படட்டும் என்று. மூன்றாவது தெருவும் போயிற்று. என் ஆஸ்பத்திரி மாடிகூடத் தாண்டிப் போயிற்று. பேக்கரி பின்னால் தங்கிவிட்டது. இப்படியே விட்டால் மனிதர் நேரே போய் ரயில்வே கேட்டில் நிற்பார் என்று தோன்றியபோது, வேறு வழியில்லாமல் இரண்டு தோளையும் சேர்த்துப் பிடித்தேன். வண்டி உடனே நின்றது.

"என்னங்க, அவதான் லெஃப்ட் லெஃப்ட்னு சொல்லிட்டே இருக்காளே, காதுல விழலையா?" என்றேன்.

அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, பாதி திரும்பி, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தார்.

"நீ தட்டலையே" என்றார்.

பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். இவர் கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினார். நான் கைப்பையைத் தோளில் மாட்டி, கையை விடுவித்துக்கொண்டேன். முன்னால் ஒரு நாற்சந்தி வந்தது. எட்டிப் பார்த்தேன். கோடு நேரே போகச் சொல்லிற்று. எனக்குத் தெரியும், இடது பக்கம் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி ஒரு சந்து இருக்கிறது, அதில் போனால் பேக்கரியின் பின்வாசல். இடது தோளில் ஒரு தட்டுத் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே விழுந்திருக்கும். வண்டி இடது பக்கம் திரும்பியது. போனில் அவள் அவசர அவசரமாக வேறு வழி தேட ஆரம்பித்தாள். தேடட்டும்.