ஃபயர்வாலை நிறுத்தச் சொன்ன வெள்ளிக்கிழமை

கல்யாணமான மூன்றாம் மாதமே என் கணவர் குவைத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். எங்கள் ஊரான காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். அதனால் அவர் வந்தபோது வீட்டில் ஓர் ஆள் கூடினார், போனபோது ஓர் ஆள் குறைந்தார். மற்றபடி உம்மாவும் நானும் முன்பு போலவே இருந்தோம். குவைத்தில் அவருக்கு ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கும் வேலை. லீவில் வரும்போதெல்லாம் வீட்டில் எதையாவது கழற்றி மாட்டுவார். அப்படி ஒரு லீவில்தான், வைரஸ் புகுந்து நகராமல் கிடந்த என் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். கூடவே ஃபயர்வாலும் வைத்தார்.

வீட்டிலிருந்தே நான் விண்ணப்ப வேலைகள் செய்து கொடுக்கிறேன். பாஸ்போர்ட், பான் கார்டு, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் இப்படி. கடைத்தெருவில் ஆண்களுக்கு நடுவே நிற்க விரும்பாத பெண்கள் என்னிடம் வருவார்கள். அவர்களுடைய அடையாள அட்டைகளும் போட்டோக்களும் லேப்டாப்பில்தான் இருக்கும்.

"அத்தன பேரு பேப்பரும் இதுல கெடக்கு. யாரும் உள்ள வராம இது பாத்துக்கும். எப்பவும் ஆன்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்ற வருடம் பழைய இன்டர்நெட் இணைப்பு அடிக்கடி அறுந்தது. உப்புக் காற்றில் வெளியே இருந்த பெட்டி துருப்பிடித்திருந்தது. வேறு கம்பெனியின் இணைப்புக்கு மாறினோம். புது ரூட்டர், புது வைஃபை பெயர். பிரிண்டரையும் லேப்டாப்பையும் நானே அதில் சேர்த்தேன். மறுநாள், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பக்கத்துத் தெருவில் நான் லாத்தா என்று கூப்பிடும் அக்கா ஒருவர் மகளின் ஹால் டிக்கெட்டை எடுக்க வந்தார். பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் கிடைக்கவில்லை என்று லேப்டாப் சொன்னது. பிரிண்டரோ கைக்கெட்டும் தூரத்தில் பச்சை விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தது.

போனிலிருந்து கொடுத்துப் பார்த்தேன். உடனே வந்தது.

"போன்லதான் வருதே, பொறவு என்ன?" என்று லாத்தா தாளை மடித்துக்கொண்டு போனார். அவருக்கு வேலை முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. பத்துப் பக்க விண்ணப்பங்களைப் போனுக்கு மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

என் கணவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வீடியோ காலில் கூப்பிட்டேன். அங்கே இன்னும் வெயில் ஏறவில்லை. கட்டிலில் சாய்ந்தபடியே அவர் சொல்லச் சொல்ல, நான் லேப்டாப்பில் தட்டினேன். முதலில் பிரிண்டரின் நெட்வொர்க் எண்ணைக் கொடுத்து, லேப்டாப்புக்கு அது எட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னார். எட்டியது. பதில் வரிசையாக வந்தது. பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கச் சொன்னார். நீக்க முடிந்தது, சேர்க்க முடியவில்லை. தேடும் பெட்டி காலியாகவே இருந்தது. பிரிண்டரை அணைத்துப் போடச் சொன்னார். அதையும் செய்தேன்.

"பிரிண்டர் பழசாயிட்டு. வேற வாங்கிரலாம்."

"போன்ல இருந்து வருதுங்கேன். அது எப்படிப் பழசாவும்?"

கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "ஃபயர்வால நிறுத்திப் பாரு" என்றார்.

நிறுத்தினேன். தேடும் பெட்டியில் பிரிண்டரின் பெயர் உடனே வந்தது. ஒரு பக்கம் கொடுத்தேன், அடித்தது.

"அம்புட்டுதான். அத அப்படியே விட்டுரு."

"நிறுத்தியேவா?"

"வீட்டு வைஃபைதான? ஒண்ணும் ஆவாது."

"எப்பவும் ஆன்ல இருக்கணும்னு நீங்கதான் சொன்னிய."

"நான் சொன்னேன், இப்ப நாந்தான் வேண்டாங்கேன். வாரத்துல ஒரு நாள் லீவு, அதுலயும் இதே வேலையா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆறு நாளும் இதே வேலைதான் அவருக்கு. ஜும்ஆ தொழுகைக்குக் குளிக்க வேண்டும் என்று போனை வைத்தார். கோபம் என்று சொல்ல முடியாது. ஆனால் உம்மாவுக்கு சலாம் சொல்லாமல் வைத்தது அன்றுதான் முதல்முறை.

ஃபயர்வாலை மறுபடி ஓடவிட்டேன். பிரிண்டர் மறைந்தது. அவர் எந்தக் காலத்திலும் என்னைத் திறக்கச் சொல்லாத ஃபயர்வால் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பாதிக்கு மேல் புரியவில்லை. ஒரு மூலையில் எங்கள் புது வைஃபையின் பெயர் இருந்தது. அதற்கு நேராக 'பப்ளிக்' என்று போட்டிருந்தது. வைஃபை பட்டியலில் பழைய இணைப்பைத் தேடிப் பார்த்தேன். அதில் 'ஹோம்' என்று இருந்தது. லீவில் வந்தபோது அவர் போட்டது அதுதான். புது இணைப்புக்கு யாரும் எதுவும் போடாததால், பஸ் ஸ்டாண்டிலோ லாட்ஜிலோ இருப்பதாக நினைத்துக்கொண்டு லேப்டாப் தானாகவே பப்ளிக் என்று வைத்துக்கொண்டிருந்தது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று போனில் தேடிப் படித்தேன். பிரிண்டர் போன்ற கருவிகள் தங்கள் பெயரை நெட்வொர்க்கில் அறிவித்துக்கொண்டே இருக்குமாம். ஹோமில் அந்த அறிவிப்பை ஃபயர்வால் உள்ளே விடும். பப்ளிக்கில் விடாது. எண்ணைக் கொடுத்தால் எட்டியதும், பெயரைத் தேடினால் கிடைக்காததும் இதனால்தான். புது இணைப்பையும் ஹோமுக்கு மாற்றி, வைஃபையை ஒருமுறை துண்டித்து இணைத்தேன். ஃபயர்வால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரிண்டரின் பெயர் வந்தது. ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன். திருப்தியாக இருந்தது, பெரிய சந்தோஷம் என்று சொன்னால் அது பொய்.

அமைப்புப் பக்கத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"யாரு சொன்னா அங்கன போய்ப் பாக்க?"

"யாரும் சொல்லல."

"நான் முதல்ல அதத்தான் பாத்திருக்கணும்" என்றார். பிறகு, உம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த வாரம், குவைத்தில் அவருடைய அறைக்கூட்டாளி ஒருவரின் மனைவி, வீரபாண்டியன்பட்டணத்திலிருந்து தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டுமாம். என் கணவர்தான் இங்கே போகச் சொன்னாராம். உட்காரச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.