கொடியில் குடியிருந்த துணிகள்

பெர்கனில் மழை வந்தால் யாரும் துணி எடுக்க ஓடுவதில்லை. எதிர்வீட்டு இங்குன் பால்கனியில் காயப்போட்ட இரண்டு சட்டையும் ஒரு கால்சட்டையும் வெள்ளிக்கிழமையிலிருந்து நனைந்துகொண்டிருந்தன. ஞாயிறு காலை எனக்குப் பொறுக்கவில்லை. போய் மணியடித்தேன். "துணி நனைகிறது" என்றேன், எனக்குத் தெரிந்த நார்வேஜிய மொழியில். "ஆமாம், மழை பெய்கிறதே" என்று சிரித்தாள். வானிலை பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். இருபது வருஷத்துக்கு மேலாகியும், மழையில் விட்ட துணியைக் கண்டால் எனக்கு முதலில் வருவது பயம்தான். அந்த வீட்டில் ஆளில்லை என்று யாரோ எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

இங்குனின் கட்டில்மேல் அலமாரி முழுவதும் கொட்டிக் கிடந்தது. "காப்சல்கார்டரோபே" என்றாள். முப்பது உடுப்புக்குமேல் வைத்துக்கொள்ளாமல் வாழும் முறையாம். ஒவ்வொன்றும் வேறு மூன்றோடு சேர வேண்டும், சேராதது வெளியே. சாம்பல், கருநீலம், வெள்ளை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, வைக்கவா விடவா என்று என்னைக் கேட்டாள். "நீ எப்போதும் இந்த நாலைந்தைத்தான் உடுத்துகிறாய். எங்கே கற்றுக்கொண்டாய்?"

"அம்மாவிடம்."

"அவரும் மினிமலிஸ்ட்டா?"

"தேயிலை பறிக்கிறவர்."

"ஆ, இயற்கையோடு வாழ்கிறவர்" என்று மரியாதையாகத் தலையசைத்தாள். திருத்திச் சொல்ல எனக்கு அந்த மொழி போதவில்லை. தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்.

தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை. நீலகிரியில், தேவாலாவுக்கு அந்தப் பக்கம் எங்கள் எஸ்டேட். முதலில் வாரத்துக்கு நாலு நாள் வேலை என்றார்கள், பிறகு இரண்டு, பிறகு ஃபேக்டரி புகைபோக்கி மாதக்கணக்கில் சும்மா நின்றது. கவாத்து வெட்டாத செடிகள் ஆளுயரம் எழும்பி, நாங்கள் பறித்தது இவற்றையா என்று கேட்கும்படி மரமாகிக்கொண்டிருந்தன. ஜனம் லைன் லைனாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கியது. எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா இறந்து மூன்று வருஷம். எஸ்டேட்டின் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லைன் வீடு, நிரந்தரத் தொழிலாளி என்று அம்மாவின் பெயரில் கிடைத்தது. ஆளில்லாத வீட்டைப் பூட்டிவிடுவார்கள், பெயரையும் வெட்டிவிடுவார்கள் என்று பேச்சு. அந்த ஒரு அறையை விட்டால் எங்களுக்கு இந்த உலகத்தில் வேறு விலாசம் கிடையாது. இருந்தால் அடுப்பு எரியாது, போனால் அடுப்பே நமதில்லை.

வழி சொன்னவர் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை. சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர், லைன் வீட்டை லயம் என்பார். ஒரு நாட்டையே காலி செய்தவருக்கு ஒரு அறை பெரிதா? "துணிய விட்டுட்டுப் போங்க. கொடியில துணி கெடந்தா லயத்துல ஆளு இருக்குன்னுதான் வாட்சர் எழுதுவான். காலையில நான் போடுறன், அந்திக்கு எடுத்துக்கிறன். ஒரே துணியத் தெனமும் போட மாட்டன், பயப்படாத."

அன்று அம்மா துணி பிரித்த விதத்தை இங்குன் பார்த்திருக்க வேண்டும். தரையில் இரண்டு குவியல், போவது, இருப்பது. போவது ஒரே பைக்குள் அடங்க வேண்டும். எண்ணெய்க் கறை தெரியாத நிறமாக, வேலைக்கும் பஸ்ஸுக்கும் கோயிலுக்கும் படுக்கைக்கும் ஆகிறதாக இருக்க வேண்டும். இருப்பதோ ரோட்டிலிருந்து பார்த்தால் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அதனால் நல்லதெல்லாம் அங்கேயே நின்றது. சிவப்புச் சேலை, என் மஞ்சள் தாவணி, ஸ்வெட்டர். அப்பாவின் முழுக்கைச் சட்டையில்தான் அம்மாவின் கை தயங்கியது. கொழுந்தெடுக்கும் பெண்கள் குளிருக்கும் கீறலுக்கும் சேலைமேல் புருஷனின் சட்டையை மாட்டிக்கொள்வது எங்கள் மலையில் வழக்கம். மூன்று வருஷமாக அம்மா அதைத்தான் போட்டிருந்தார். இரண்டு தடவை பைக்குள் வைத்தார், இரண்டு தடவை எடுத்தார். "ஆம்பளைச் சட்டை ஒண்ணு கெடக்கட்டும் கண்ணு. கேக்கறவன் யோசிச்சுக் கேப்பான்."

திருப்பூரில் எனக்குப் பிசிறு வெட்டும் வேலை. கப்பலேறப் போகும் பனியன்களில் தொங்கும் நூலைக் கத்தரிப்பது. நாளெல்லாம் நூற்றுக்கணக்கில் கையில் ஏறி இறங்கும். அறைக்கு வந்தால் மூன்று உடுப்பு, அதில் ஒன்று ஈரம். ஞாயிற்றுக்கிழமை காலை பாக்கியம் அத்தை தேவாலா கடையிலிருந்து எங்கள் தெருமுனை பூத்துக்குப் போன் செய்வார். எங்கள் துணிகள் அந்த வாரம் எப்படி வாழ்ந்தன என்று கதை சொல்வார். "ஒன் தாவணி வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்திச்சு. ஒங்கம்மாவுக்குக் காய்ச்சல், அதான் ரெண்டு நாளா சேல காயப்போடல." அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பூத்துக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஆடி பிறந்தபின் ஒரு ஞாயிறு. அத்தையின் குரலில் கதை இல்லை. "மகளுக்கு வலி எடுத்திருச்சுன்னு கூடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் புள்ள. துணிய எடுக்க மறந்திட்டன், இன்னும் ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறன். சரியான மழை. ரெண்டு நாளா நனஞ்சு கெடந்திருக்கு. வாட்சர் தங்கராசு பார்த்திட்டான். ஆளிருக்கிற லயத்துல மழையில துணி கெடக்குமான்னு கேட்டானாம். நாளைக்கு விடிய ஃபீல்டு ஆபீசர் பூட்டோட வாறாராம்."

எங்கள் பக்கம் மழை மாதத்தில் வீட்டில் ஆளிருந்தால் துணி அடுப்புக்குமேல்தான் தொங்கும், யாருடைய உடுப்பும் புகை மணக்கும். வெயில் காலத்தில் இந்த ஏற்பாட்டைச் செய்த நாங்கள் மூவரும் மலைக்காரிகள், மழையைத்தான் மறந்துபோனோம்.

பதினோரு மணிக்குப் பஸ் ஏறினோம். கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர். ஊட்டி தாண்டியதும் மண் சரிந்து வண்டிகள் நின்றன. எல்லோரும் இறங்கி எட்டிப் பார்க்க, அம்மா மட்டும் எழுந்துவிட்டால் இடம் போய்விடும் என்பதுபோல சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடலூர் பஸ் ஸ்டாண்டில் என்னை ஒருமுறை பார்த்தார். நான் போட்டிருந்தது கம்பெனியில் கழித்த பனியன், நெஞ்சில் ஏதோ வெளிநாட்டு எழுத்து. "அதக் கழட்டு. ஊட்லயே இருந்த புள்ள மாதிரியா இருக்குது?" சாமான் வைக்கும் அறைக்குப் பின்னால் அம்மா முந்தானையை விரித்து மறைக்க, மாற்றிக்கொண்டேன்.

இருட்டி வெகுநேரம் கழித்தே போய்ச் சேர்ந்தோம். கொடியில் எல்லாம் கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. அடுப்பு மூட்ட விறகும் ஈரம். காலையில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அம்மா சொட்டச் சொட்ட அப்பாவின் அந்தச் சட்டையை எடுத்துச் சேலைமேல் மாட்டினார், தலையில் துண்டைக் கட்டினார், வாசலில் போய் நின்றார்.

"எங்கம்மா போயிருந்தே?" ஆபீசர் கையில் பூட்டு.

"ஊட்லதானுங்க இருந்தேன். காய்ச்சலுங்க சார். எந்திரிச்சுத் துணி எடுக்க முடியலீங்க."

ஈரச்சட்டை உடம்பில் ஒட்டி, பல் தந்தியடித்து, தோள் உதறியது. அதைவிடச் சரியான காய்ச்சலை எந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார். ஆபீசர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "மருந்து வாங்கிச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த லைனுக்குப் போனார். தங்கராசு மட்டும் நின்றார். எங்கள் காலைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டுச் சேறு வேறு நிறம்.

"ஏனுங்கக்கா, நானும் புள்ளகுட்டிக்காரன். துணிய நம்பி எத்தன நாளைக்கு எழுதறது? யாராச்சும் ஒருத்தர் உசுரோட இருங்க."

அன்று மத்தியானமே முடிவாயிற்று. பை என்னோடு, வீடு அம்மாவோடு. தனியாகத்தான் திருப்பூர் பஸ் ஏறினேன். அதன் பிறகு நான் ஏறிய வண்டிகள் எல்லாம் மேலும் மேலும் தூரமாகவே போயின. எஸ்டேட் இரண்டு கை மாறிவிட்டது, அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் அந்த லைன் வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. பெர்கனுக்கு வாருங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் கேட்கிறேன். "அப்பறம் இங்க யாரு இருக்கறது?" என்பார்.

இங்குனிடம் கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான். "போட்டுக்கொள்ளக் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம். வீட்டில் இருக்க மீதியை விட்டுவந்தோம்." ஆழமான தத்துவம் என்று தாளில் குறித்துக்கொண்டாள்.

போன வாரம் அம்மா கூப்பிட்டார். "ரேஷன் கடையில கார்டுல இருக்கற அத்தன பேரும் வந்து வெரல் வெக்கோணுமாம். வெக்காட்டி பேர எடுத்துருவாங்களாம். இத்தன வருசம் எடுக்க உடாம வெச்சிருக்கறேன். எப்ப கண்ணு வர்ற?"

மேசையில் இந்த நாட்டுக் குடியுரிமைக்கான விண்ணப்பம் பாதி நிரப்பிக் கிடக்கிறது. கிடைத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும், அதற்கும் கைரேகை பதியப் போக வேண்டும். வருகிறேன் என்றேன். எப்போது என்று சொல்லவில்லை. போனை வைத்தபின், வலது கட்டைவிரலை மற்ற நாலு விரலுக்குள் மூடிப் பிடித்தபடி சன்னலோரம் நின்றிருந்தேன்.