செலின் அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

இந்த ஊரில் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வீடு திரும்பினால் பின்னாலேயே ஒரு கடிதம் வருகிறது. எங்களிடம் என்ன குறை கண்டீர்கள், வந்து சொல்லுங்கள் என்று. சொல்ல வருகிறவருக்கு டாக்சி அனுப்புகிறார்கள், டீயும் பிஸ்கட்டும் தருகிறார்கள். இங்கிலாந்துக்கு வந்து பதினோரு வருடமாகியும் எனக்கு இது வேடிக்கைதான். எங்கள் தெருவில் இருக்கும் செலின் அக்காவுக்கு அந்தக் கடிதம் வந்தபோது நானும் கூடப் போனேன். மொழிபெயர்க்க ஆள் வைக்கட்டுமா என்று போனில் கேட்டார்கள். நான் இருக்கும்போது எதற்கு என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெருமை இல்லாமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அக்கா குமரிக் கடற்கரையில் இனயத்துக்காரர், மகனின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர். நான் நாகர்கோவில், வாத்தியார் வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை பார்த்தேன். சுவரில் ஆலோசனைப் பெட்டி தொங்கும். அதன் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. கடற்கரைப் பெண்கள் அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். நேரே என் ஜன்னலுக்கு வந்து, “ஏட்டி, கக்கூசுல தண்ணி வரல்ல, ஆருட்ட சொல்லணும்?” என்பார்கள். வரிசையே திரும்பிப் பார்க்கும். மெதுவாகப் பேசுங்கள் அக்கா என்று நான் முகம் சுளிப்பேன். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் யாராவது போய் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். அவர்களுக்கு வாய் இருந்தது. இங்கே செலின் அக்காவுக்கு இருந்தது என் வாய் மட்டும்.

நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக நான்கு நாள் படுத்திருந்தவர் அவர். நிறையத் தண்ணீர் குடிப்பதுதான் அதற்கு முதல் வைத்தியம். கூட்டத்தில் ஒன்பது வெள்ளைக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“எனக்கு அங்க தண்ணி குடிக்கவே பயமாட்டு இருந்திச்சு மக்கா. குடிச்சா போணும்லா? போனா கழுவ ஒரு கப்பு கெடையாது, வெறும் பேப்பரு. மூணு நாளு நாக்க மட்டும் நனைச்சிட்டுக் கெடந்தேன். மவங்கிட்ட இத எப்பிடிச் சொல்ல? அங்க ஒரு கப்பு வைக்கச் சொல்லு.”

சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்குக் காது சுட்டது. இந்தக் கோட்டு சூட்டுக்காரர்கள் முன்னால் கழுவுவதைப் பற்றி நான் பேசுவதா? இவர்களைப் போலவே நானும் என்று காட்டிக்கொள்ளத்தானே பதினோரு வருடமாகப் பாடுபடுகிறேன். எல்லாரும் மிக அன்பாகப் பார்த்துக்கொண்டதாகச் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

தலைவர் அம்மா தயங்கினார். “நிறைய நேரம் பேசினாரே, அவ்வளவுதானா?”

“எங்கள் மொழி கொஞ்சம் நீளம்.”

“அழுதாரே?”

“நன்றியில்.”

அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து, அதை எழுதிக்கொண்டார். அதைப் பார்த்த செலின் அக்கா, தன் கஷ்டம் புரிந்துவிட்டது என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வீடு வரும்வரை என்னைப் புகழ்ந்துகொண்டே வந்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதத்தில் அதே காய்ச்சல், அதே வார்டு. பார்க்கப் போனேன். உதடு வெடித்திருந்தது. கட்டிலருகே தண்ணீர் தொடப்படாமல் இருந்தது.

“கப்பு வைக்கல்ல மக்கா,” என்றார் ரகசியமாக. “நீ அவ்வளவு சொன்னியே. அவியளுக்கு மறந்து போச்சு போல.”

எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ், என்ன சொல்கிறார் என்று கேட்டாள். இந்தத் தடவை, அன்று கூட்டத்தில் அக்கா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. ஓர் அலமாரியைத் திறந்து பிளாஸ்டிக் ஜக் ஒன்றை எடுத்துக் கழிவறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“பாத்தியா, மறந்ததுதான். நல்ல ஆளுவ,” என்று அக்கா தம்ளரை எடுத்து முழுவதையும் குடித்தார். பிறகு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை நாள் ஏன் குடிக்கவில்லை என்று இப்போதுதான் புரிந்தது, மிக்க நன்றி என்றாள் நர்ஸ், அவளும் என்னிடம்தான். அக்காவின் பக்கம் போய் நிற்கவும் முடியவில்லை, அந்தப் பெண்ணின் பக்கம் போகவும் முடியவில்லை. கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றேன்.