பச்சைத் தண்ணீர்

சித்தி பங்களாவில் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதம், அங்கிருந்த நீச்சல் தொட்டியின் தண்ணீர் பச்சையாகிப் போனது. அப்போது எனக்குப் பத்து வயது. ஓகஸ்ட் விடுமுறை. அம்மாவும் அப்பாவும் விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். என்னைத் தனியே விட்டால் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தையே தலைகீழாக்கிவிடுவேன் என்று அம்மாவின் தங்கையான சித்தி என்னையும் இழுத்துக்கொண்டு மலையேறுவாள்.

தெமோதரைக்கு மேலே எங்கள் தோட்டம். முன்பு தோட்ட அதிகாரியான சின்னத்துரை குடியிருந்த பங்களாவைக் கொழும்பு முதலாளி ஒருவர் எடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக்கியிருந்தார். நீச்சல் குளம் வெட்டப் பார்த்தார்கள். ஒரு முழத்துக்குக் கீழே பாறை. அதனால் தரைக்கு மேலேயே இரும்புக் குழாய்களைப் பூட்டி, தடித்த நீலச் சீலையை விரித்து, வட்டமாக ஒரு தொட்டியை நிறுத்திவிட்டார்கள். லயத்தில் நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவைவிட அது அகலம். ஆழம் என் கழுத்தளவு. ஏறி இறங்க ஏணி. பக்கத்தில் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித் திருப்பி அனுப்ப ஒரு சிறிய மோட்டார்.

லயத்தில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வரும் ஊற்றிலிருந்துதான் அதற்கும் குழாய் போட்டிருந்தார்கள். முதன்முதலில் தொட்டியை நிரப்பியபோது பீலி மூன்று நாள் சொட்டவில்லை. பெண்கள் குடத்தோடு ஆற்றுக்கு இறங்கி ஏறினார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத சித்தியை நடுவழியில் நிறுத்தி, “ஒங்க தொட்டியில வந்து சோறாக்கிக்கவா?” என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கோ மூன்று நாள் குளியல் இல்லை. எங்களைப் பொறுத்தவரை அது தீபாவளிக்கு ஒரு படி மேல்.

தண்ணீர் பச்சையான திங்கட்கிழமை, மனேஜர் ஐயா தொட்டியின் ஓரத்தில் இடுப்பில் கைவைத்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கோ கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கோபத்திலும் மரியாதை குறையாதவர்.

“வெள்ளிக்கிழமை ஆக்கள் வருகினம். இந்தத் தண்ணியைக் கண்டா ஒருத்தரும் நிக்கமாட்டினம். திறந்துவிட்டுட்டுப் புதுசா நிரப்புவம்” என்றார்.

“வேணாங்கய்யா” என்றாள் சித்தி. “வெள்ளிக்கெழம காலையில வரைக்கும் டைம் குடுங்க. இதே தண்ணிய நான் தெளிய வச்சிர்றேன்.”

“தெளியாட்டி?”

“தெளியாட்டி நான் வேலைய விட்டுட்டுப் போயிர்றேங்க.”

ஐயா அவளை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகிற வேலை. சித்திக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிவாதம் என்று அம்மா சொல்லுவாள். அதுதான் இது என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே பஸ் ஏறிப் பதுளைக்குப் போனோம். கடைத்தெருவில் மோட்டாரும் குழாயும் விற்கிற முஸ்லிம் நானா ஒருவர், சித்தி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“குளோரின் தூள எந்த நேரத்துல போடுறீங்க மகள்?”

“காலையில, நல்ல வெயில்ல.”

“அதான். அம்புட்டையும் வெயிலே தின்னுருக்கும். பொழுது சாய்ஞ்ச பொறகு போடுங்க. அதுக்கு முந்தி சொவர நல்லாத் தேய்க்கணும். ஒட்டுன பாசிய அப்பிடியே விட்டா மூட்டையாக் கொட்டினாலும் சாகாது. வடிகட்டியக் கழுவுங்க. மோட்டார நிப்பாட்டாதீங்க. பாசி செத்தா தண்ணி வெள்ளையாகும், பயந்துறாதீங்க. கடைசியில சீனாக்காரத்தப் போட்டு மோட்டார நிப்பாட்டினா அழுக்கெல்லாம் அடியில உக்காந்துரும்.”

தூளை வாளித் தண்ணீரில் போட வேண்டும், தூள்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். திரும்பும் வழியெல்லாம் சித்தி என்னை அந்தப் பாடத்தை ஒப்பிக்கச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டைக்கூட ஒழுங்காகச் சொல்லாத நான் அதை ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தேன்.

மறுநாள் காலை, பழைய சட்டையும் பாவாடையுமாகச் சித்தி அந்தப் பச்சைக்குள் இறங்கினாள். எங்கள் மலையில் ஓகஸ்ட் மாதக் காலைத் தண்ணீர் எலும்பைத் தொடும். முரட்டுத் தேங்காய்நார்த் தும்புத்தடி சீலையைக் கிழித்துவிடும் என்று, விளக்குமாற்றுக் கட்டையில் பழந்துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சுவரை அங்குலம் அங்குலமாகத் தேய்த்தாள். துணி எட்டாத மடிப்புகளை விரலால் வழித்தாள். நான் ஏணியில் உட்கார்ந்து வலைக்கரண்டியால் சருகை அள்ளினேன். அவள் உதடு நீலம் பூத்தபோது, “வா சித்தி” என்றேன். “இன்னும் அரைவட்டம் இருக்கு” என்றாள்.

வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு தாள் உருளை. விருந்தாளிகள் வெயிலுக்குப் பூசுகிற களிம்பெல்லாம் அதில் கொழுப்பாக ஒட்டியிருந்தது. ஒரே ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, மடிப்பு மடிப்பாக விரித்து அதைக் கழுவினாள். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் தூளைக் கரைத்து, தொட்டியைச் சுற்றி நடந்தபடியே ஊற்றினாள். அந்த நெடி எங்கள் மூக்கைவிட்டுப் போகவேயில்லை.

புதன்கிழமை காலை பச்சை போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாகத் தொட்டி நிறையக் கழுநீர்.

ஐயா வந்து பார்த்தார். “பச்சை போய்ப் பாலாகிட்டுது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நானா முன்பே சொல்லியிருந்தும் எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. சித்தி மறுபடி தேய்த்தாள், மறுபடி வடிகட்டியைக் கழுவினாள். மத்தியானம் குசினிக்குத் தேத்தண்ணீர் குடிக்கப் போனவள், குவளையைப் பிடிக்க முடியாமல் ஒரு துணியால் சுற்றிப் பிடித்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

எனக்கு அழுகை வந்தது. தண்ணீர் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கை ஆறும். இவ்வளவுதான் என் கணக்கு. தொட்டியின் அடியில் தண்ணீரை வெளியே விடும் திறப்பு இருப்பது எனக்குத் தெரியும். ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைத் திருகினேன்.

தண்ணீர் பீறிட்டுக்கொண்டு தேயிலைக்குள் இறங்கியது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. சத்தம் கேட்டுச் சித்தி வந்த வேகத்தில் ஒரு செருப்பு குசினி வாசலிலேயே கிடந்தது. உரிந்த விரல்களால் திறப்பை இறுக்கி மூடினாள். எழுந்து திரும்பி என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததில்லை.

“ஒனக்காகத்தான் தொறந்தேன்” என்றேன்.

அவள் ஏணியில் ஏறினாள். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரல் வைத்து அளந்தாள். இரண்டு விரல். மோட்டார் உறிஞ்சும் துளை வெளியே தெரிந்தது. அது மூழ்காவிட்டால் மோட்டார் ஓடாது. ஓடாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றும் நடக்காது.

அந்த இரண்டு விரல் தண்ணீரை அவள் நிரப்பிய விதம் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உடனே குழாயைத் திறக்கவில்லை. வறட்சியில் ஊற்றும் விரல் தடிமனுக்கு இளைத்திருந்தது. மறுநாள் லயத்துச் சனமெல்லாம் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்ச் சேரும் வரை காத்திருந்து, குழாயை நூல் போலத் திறந்தாள். மத்தியானம் அவர்கள் சாப்பாட்டுக்கு இறங்குவதற்கு முன்பே மூடிவிட்டாள்.

“முழுசாத் தொறந்தா வெரசா நெறஞ்சிரும்ல?” என்றேன்.

“வாய மூடிக்கிட்டுச் சருகப் பொறுக்கு.”

துளை மூழ்கியதும் மோட்டார் மறுபடி முனகத் தொடங்கியது. அன்று மாலை அதை நிறுத்திவிட்டு, பொடித்த சீனாக்காரத்தைக் கரைத்து ஊற்றினோம். கன்னத்தில் அடி வாங்கிய நான்தான் வாளியைப் பிடித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போய் எட்டிப் பார்த்தோம். செத்த பாசியெல்லாம் சாம்பல் போர்வையாக அடியில் படிந்திருந்தது. மேலே தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. சித்தி மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி, ஒரு ரப்பர் குழாயை உள்ளே இறக்கி, மறுமுனையை வாயால் உறிஞ்சி, அடி வண்டலை மட்டும் வெளியே எடுத்தாள். அதையும் கீழே ஓடவிடவில்லை. ஒரு பீப்பாயின் வாயில் அம்மாவின் பழைய சேலையை நாலாக மடித்துக் கட்டி அதில் வடியவிட்டாள். வண்டல் சேலையில் தங்கியது. வடிந்த தண்ணீர் வாளி வாளியாகத் தொட்டிக்கே திரும்பியது. அதற்கு மேல் கலங்கியதையெல்லாம் மோட்டார் பிடித்துக்கொண்டது.

பத்து மணிக்கு ஐயா தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சீலையின் அடிமடிப்புகூடக் கோடு போட்டது போலத் தெரிந்தது. “நீர் கெட்டிக்காரிதான்” என்றார்.

மத்தியானம் விருந்தாளிகள் வந்தார்கள். தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். ஒரு பெண் ஏணியில் ஏறி ஒரு காலை நனைத்தாள். வீலென்று கத்திக்கொண்டு இறங்கிவிட்டாள். பிறகு எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டு, சுடச்சுடத் தேத்தண்ணீர் கேட்டு உள்ளே போய்விட்டார்கள். அங்கே தங்கிய இரண்டு நாளும் ஒருவர்கூட இறங்கவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சித்தி குசினிப் படியில் உட்கார்ந்து விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தருமே குளிக்கல சித்தி. ஒனக்குக் கோவமே வரலியா?”

“குளிச்சா என்ன, குளிக்காட்டி என்ன?” என்றாள். “தண்ணி இருக்குல்ல.”

நான் திரும்பித் தொட்டியைப் பார்த்தேன். ஆமாம், இருந்தது. ஆனால் சித்தி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவள் முகம் கீழே லயத்தை நோக்கியிருந்தது. அங்கே மலையிறங்கி வந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பீலியடியில் குடத்தை வைத்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். சித்திக்கு வீட்டுக்குப் போக அவசரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் அவளுடைய செருப்பைத் தேடி எடுத்து வந்து காலடியில் வைத்தேன்.